லைன் துணியும் ஸ்பெஷல் துணியும்

மழைக்காலம் முடிந்தும் முடியாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை காலை, பெரியவள் அலமாரிக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். இடது பக்கம் முழுக்கச் சாம்பல், கறுப்பு, வெள்ளை, கருநீலம். வலது பக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஊதா நிறத்தில் ஒரு நீளக் கோட்டு, அதில் சின்னத் தட்டு அளவுக்குத் தங்கநிறப் பொத்தான்கள். பூசணிக்காயைப் பாதியாக வெட்டி ஒட்டவைத்த மாதிரி கை வைத்த சட்டை. நெஞ்சில் பெரிய பறவை ஒன்று இறக்கை விரித்து நிற்கும் மஞ்சள் ஸ்வெட்டர். வெளிச்சம் பட்டால் எதிரில் வருகிறவன் கண்ணைக் கசக்குகிற பச்சை பேன்ட். இடது பக்கம் பெரியவள் வாங்கியது, வலது பக்கம் அவள் தங்கை சின்னவள் வாங்கியது. இரண்டு பக்கத்தையும் இரண்டு பேரும் போட்டுக்கொண்டார்கள்.

இதுவரை அதில் ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை. இப்போது சின்னவள் ஊரை விட்டுப் போகிறாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து பவர் பார்த்துச் சொல்கிற வேலை சின்னவளுக்கு. அந்தக் கடைக்காரர்கள் தூரத்தில், குளிர் பிடுங்கித் தின்கிற ஓர் ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். நீ போய் நடத்து என்றார்கள். சின்னவளும் சரி என்று சொல்லிவிட்டு வந்து, ராத்திரி தட்டைக் கழுவிக்கொண்டே, குழாய் ஒழுகுகிறது என்று சொல்கிற குரலில் வீட்டில் சொன்னாள். வருகிற வாரம் பயணம்.

அவளை அனுப்பத் தனக்கு மனசில்லை என்று பெரியவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "அங்க குளிர் அதிகமாமே, போட்டுக்க என்ன இருக்கு உங்கிட்ட?" என்று கேட்டாள். அவளுக்குக் கவலை வந்தால் அது கவலை என்ற பெயரில் வராது. துணி, சாப்பாடு, பஸ் நேரம் என்று ஏதாவதொரு வேஷம் கட்டிக்கொண்டுதான் வரும். உள்ளே இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண் தனியாகச் சமாளிப்பாளா? சமாளிப்பாள் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாக அனுப்பிவிடலாம். அலமாரியின் வலது பக்கத்தைப் பார்க்கப் பார்க்க அந்த நிம்மதி எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெரியவளுக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டி எந்த வழியில் ஓடும், எது பழுது பார்க்கப் போகும், அதற்குப் பதில் எது ஏறும் என்று தீர்மானிக்கிற மேசை அவளுடையது. ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிவப்பு விளக்கு. அது அவளுக்கும் தெரியும், தனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்படி நடந்துகொள்வாள். டிப்போ பாஷையில், தினமும் ஒரே வழியில் ஓடுகிற வண்டி லைன். கூட்டம் கூடுகிற நாளில் மட்டும் எடுக்கிறது ஸ்பெஷல். ஒன்று மக்கர் பண்ணினால் சட்டென்று எடுத்து ஓட்ட ஓரமாக நிற்பது ஸ்பேர்.

இருவரும் சம்பாதிக்கத் தொடங்கிய புதிதில், வீட்டில் அலமாரி ஒன்றுதான், உடம்பும் இரண்டு பேருக்கும் ஒரே வாகு, எதற்கு இரண்டிரண்டாக வாங்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அன்றைக்கே பெரியவள் டிப்போச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு பருவமும் மாறும்போது உட்கார்ந்து, எது நைந்தது, எது இன்னும் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பத்துக்கு ஏழு லைன், இரண்டு ஸ்பெஷல், ஒன்று ஸ்பேர். லைன் துணி எதை எடுத்து எதோடு போட்டாலும் சேர வேண்டும், எத்தனை தரம் துவைத்தாலும் முகம் மாறக் கூடாது. ஸ்பெஷல் துணி நூறு பேர் நடுவில் நின்றாலும் தனியாகத் தெரிய வேண்டும். "லைன் வாங்கறது என் வேலை, ஸ்பெஷல் உன் வேலை. நீ சின்னவ, ஆசை உனக்குத்தானே இருக்கும்" என்று அவளே பாகம் பிரித்தாள். சின்னவள் சரி என்றாள். சின்னவள் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள், அது பெரியவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

வசதி அதோடு சரி. ஸ்பெஷல் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து தங்கை வாங்கி வந்ததெல்லாம் வலது பக்கத்தில் தொங்குகிற இந்த வாணவேடிக்கைதான். ஒவ்வொன்று வரும்போதும் பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், "எங்க வீட்டுச் சின்னதுக்கு மினுக்குன்னா உயிர்" என்றாள். ஆனால் வாங்கின வண்டியை நிறுத்தி வைத்தால் துருப்பிடிக்கும் என்பதும் அவள் சட்டம்தான். ஆகவே மாதாந்தரக் கூட்டம் நடக்கிற நாளில் மட்டும் ஏதாவது ஒரு ஸ்பெஷலை மாட்டிக்கொண்டு, வீட்டு வாசல்வரை தங்கையைத் திட்டிவிட்டு டிப்போவுக்குப் போவாள்.

"சரி, பிரிச்சுடலாம்" என்றாள் இப்போது. "யாரு வாங்கினதோ அது அவங்களுக்கு. அதான் நியாயம். அப்புறம் என்ன குறையுதுன்னு பார்த்து, கடைக்குப் போய் குளிருக்கு வேண்டியதை வாங்கலாம்."

சின்னவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் இங்கயே இருக்கட்டுமே அக்கா."

"எதெல்லாம்?"

"இந்தப் பக்கத்துல இருக்கறது."

"எதுக்கு? அங்க போய்ப் புதுசா இன்னொரு அலமாரி நிறைய வாங்கறதுக்கா? நீ வாங்கினது, நீயே கொண்டு போ. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், வயல்ல நட்டு வச்சுக் குருவி ஓட்டவா?"

சொன்னபடியே எடுத்து எடுத்துக் கட்டிலில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சின்னவளைச் சுற்றி ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு குன்று எழுந்தது. அந்தக் குன்றில் ஒரு வெள்ளைச் சட்டை இல்லை. ஒரு கறுப்பு பேன்ட் இல்லை. குளிருக்கு உள்ளே போடுகிற பனியன்கூட இல்லை. அலமாரியில் மிச்சமிருந்த பெரியவளின் பங்கோ துக்க வீட்டுக்குப் போகத் தயாராக நிற்கிற கூட்டம் போல இருந்தது.

"பாரு! நல்லாப் பாரு!" பெரியவளுக்குக் குரல் ஏறிவிட்டது. "முதல் நாள் கடைக்கு என்னத்தைப் போட்டுக்கிட்டுப் போவ? இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா, வர்றவங்க கண்ணு தானாக் கெட்டுப் போகும். வியாபாரம் அமோகமா நடக்கும், போ!"

சின்னவள் சிரித்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

"சிரி. அங்க குளிர்ல பல்லு தந்தியடிக்கும்போதும் இப்படியே சிரி. அம்மா, இவளைக் கொஞ்சம் என்னன்னு கேளு!"

"என்னை ஏன் இழுக்கற?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உங்க அலமாரி, உங்க சட்டம். நான் ஓட்டுப் போடாத ஆட்சி அது."

பெரியவள் பையைத் தோளில் மாட்டினாள். "கிளம்பு. இன்னைக்கு லைன் மட்டும்தான். ஸ்பெஷல் பக்கம் கழுத்தைத் திருப்பின, நடுக்கடையில மானத்தை வாங்கிடுவேன்."

கடை இரண்டு மாடி. ஆயத்த ஆடை மேல்மாடியில். பருவம் மாறுகிற வாரம் என்பதால் மாடிப்படியில் ஏறுவதே போராட்டமாக இருந்தது. ஒரு பக்கம் மழைச் சட்டைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் அட்டைப் பெட்டியைக் கிழித்து ஸ்வெட்டர்களை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கூட்டத்துக்குள் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு போனாள்.

அவள் துணி வாங்குவதைப் பார்த்தால் துணிக்கே பயம் வரும். முதலில் உட்புறம் திருப்பித் தையலைப் பார்ப்பாள். பிறகு கைக்குள் வைத்து நன்றாகக் கசக்கி, விரித்து, சுருக்கம் போகிறதா என்று காத்திருப்பாள். வெள்ளையாக இருந்தால் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கை மறுபுறம் தெரிகிறதா என்று பார்ப்பாள். பொத்தானை ஒரு தரம் திருகுவாள். அதன் பிறகுதான் விலைச் சீட்டு. இத்தனையும் தாண்டித் தேறியவை ஒன்றொன்றாகக் கூடைக்குள் போயின. கறுப்பு பேன்ட், கருநீல பேன்ட், மூன்று வெள்ளைச் சட்டை, கழுத்துவரை ஏறுகிற ஸ்வெட்டர். தங்கை கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவள் முகத்தில் ஏதோ சொல்ல நினைக்கிற சாயல் இருந்தது. பெரியவள் அதை ஸ்பெஷல் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"மேடம், இது யாருக்கு?" கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டிருந்த விற்பனைப் பெண் வந்து கேட்டாள்.

"இவளுக்குத்தான்."

அந்தப் பெண் கூடையைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். "இவங்களுக்கா? இதெல்லாம் எக்ஸ்எல் மேடம். இவங்களுக்குப் பெரிசு."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே அளவும்மா. இன்னைக்கு நேத்து இல்ல, காலங்காலமா."

"இல்ல மேடம், பார்த்தாலே தெரியுதே. இவங்களுக்கு எம் போதும். அதுகூடக் கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கும்."

பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தன் வீட்டு விவகாரம் தனக்குத் தெரியாதா? "என் தங்கச்சி அளவு எனக்குத் தெரியாம உனக்குத் தெரியுமா? வேணும்னா அளந்து பாரு."

"வேண்டாம் அக்கா" என்றாள் சின்னவள்.

"ஏன் வேண்டாம்? அளக்கட்டும். இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

சின்னவள் போட்டிருந்த தொளதொளச் சட்டையின் மேல் டேப் சுற்றியது, இறுகியது, இன்னும் இறுகியது. விற்பனைப் பெண் கெட்டிக்காரி. வாயால் ஒன்றும் சொல்லாமல், எண் தெரிகிற பக்கத்தைப் பெரியவளுக்குத் திருப்பிக் காட்டினாள்.

"உங்க டேப்பு தேஞ்சு போச்சு."

"டேப்பு தேஞ்சா அளவு கூடும் மேடம், குறையாது" என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். அது உண்மையோ பொய்யோ, யோசிக்கிற நிலையில் பெரியவள் இல்லை. டேப்பைப் பிடுங்கித் தன் இடுப்பைத் தானே அளந்தாள். என்றைக்கும் உள்ளபடியே இருந்தது. பிறகு தங்கையைத் தோளில் பிடித்துத் திருப்பி, சட்டையைப் பின்பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

கறுப்பு பேன்ட். போன குளிருக்குப் பெரியவள் தேடித் தேடி வாங்கியது. அதன் இடுப்புத் துணி ஒரு கை அகலத்துக்கு மடிக்கப்பட்டு, மேலும் கீழுமாக இரண்டு பெரிய ஊக்குகள் குத்தியிருந்தன.

"எப்பலேர்ந்து?"

சின்னவள் கூடையைக் கீழே வைத்தாள். "காமாலை வந்துதே, அதுக்கப்புறம்."

காமாலை வந்து வருஷக்கணக்காகிறது. அந்தக் காமாலையில் ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள் பெரியவளேதான். "அப்ப இளைச்ச, சரி. திரும்ப உடம்பு வந்துதே!"

"வரும்னுதான் நானும் பார்த்தேன். வரல. நீ அதுக்குள்ள அந்த வருஷத்துக்கு எல்லாம் வாங்கிட்டு வந்துட்ட. ஆசையா எடுத்துக் காட்டின. அப்ப எப்படிச் சொல்றது? அப்புறம் அடுத்த வருஷமும் அதே அளவு வாங்கின."

"தொளதொளன்னு இருக்கேடின்னு நான் கேக்கலையா? எத்தனை தடவை கேட்டேன்!"

"இப்ப அப்படிப் போடறதுதான் ஸ்டைல்னு சொன்னேன். நீயும் அதைக் கேட்டு திட்டினியே தவிர, சந்தேகப்படல."

பெரியவளுக்கு யாரையாவது உடனடியாகக் குற்றம் சொல்லியாக வேண்டும் போல இருந்தது. ஃபோனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, இவ என் துணியெல்லாம் ஊக்கு குத்திப் போட்டுக்கிட்டுத் திரியறா, உனக்குத் தெரியுமா?"

மறுமுனையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சும் சொல்லலையா நீ?"

"அவ சொல்லாதேன்னா. நீ கேக்கல. நடுவுல நான் மத்தளமா, ரெண்டு பக்கமும் அடி வாங்க? சீக்கிரம் வாங்க, மழை வரும்போல இருக்கு" என்று சொல்லி அம்மா ஃபோனை வைத்துவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தன் வீட்டில், தன் அலமாரியில், தன் கண்ணெதிரே இத்தனை வருஷம் மறைத்திருக்கிறார்கள். "ஏண்டி, ஊருக்கெல்லாம் மூக்குக்குப் பொருந்துதா, காதுல உரசுதான்னு பார்த்துப் பார்த்து மாட்டி விடறவ நீ. உன் இடுப்புல நிக்காத பேன்ட்டைப் பத்தி உனக்கு வாய் திறக்க வராதா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"இரு. லைன் நான் வாங்கினது, என் அளவு. சரி. ஸ்பெஷல் நீ வாங்கினது. அதையாவது உன் அளவுல வாங்கியிருக்கலாமே? அந்த ஊதாக் கோட்டு எனக்குத் தச்ச மாதிரி இருக்குமே. அந்தப் பறவை ஸ்வெட்டர்... எல்லாமே எக்ஸ்எல்தானே?"

சின்னவள் ஒரு ஸ்வெட்டரின் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"சொல்லேன்டி!"

"அது உனக்கு வாங்கினது அக்கா."

"எனக்கா?"

"நீயா உனக்கு ஒரு நாளும் வாங்கிக்க மாட்ட. கேட்டா எனக்கெதுக்குன்னு சொல்லுவ. ஸ்பெஷல் என் பொறுப்புன்னு நீ சொன்னதும் எனக்கு வசதியாப் போச்சு." அவள் தயங்கினாள். "மாசக் கூட்டத்தன்னைக்கு நீ அதைப் போட்டுக்கிட்டுப் போவ பாரு. போகும்போது திட்டிக்கிட்டே போவ. ஆனா அன்னைக்கு மட்டும்தான் வீட்டுக்குத் திட்டாம வருவ. டிப்போல யாரு என்ன சொன்னாங்கன்னு கேட்டா, யாரும் ஒண்ணும் சொல்லலன்னுவ. சொல்லிட்டு கண்ணாடி முன்னாடி கொஞ்ச நேரம் நிப்ப. நானும் அம்மாவும் பார்த்திருக்கோம்."

பெரியவளுக்குக் காது சுட்டது. டிப்போவில் எல்லாரும் சொல்லத்தான் செய்தார்கள். ஊதாக் கோட்டைப் பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கு இன்றைக்குப் பச்சை விளக்காகிவிட்டது என்று ஒரு ஓட்டுநர் சொன்னதை அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறாள். அதைக் கண்டுபிடித்தது மட்டுமில்லாமல், அதற்காகவே ஒருத்தி பருவத்துக்குப் பருவம் கடை ஏறி இறங்கியிருக்கிறாள். அவளைத்தான் ஊர் முழுக்க மினுக்குப் பைத்தியம் என்று சொல்லி வைத்தோம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாதது அதைவிட எரிச்சலாக இருந்தது.

"சரி" என்றாள். "இன்னைக்கு உனக்குப் பிடிச்சதை எடு. உன் அளவுல. மினுக்கோ என்னவோ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சின்னவள் தேடவே இல்லை. நேராகப் போய், இரண்டு வரிசை தள்ளித் தொங்கிய ஒரு ஸ்வெட்டரை எடுத்தாள். சாம்பல் நிறம். வட்டக் கழுத்து. ஒரு பொத்தான் இல்லை, ஒரு பூ இல்லை. எடுத்தவள் உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தாள். தோளில் தையல் இரட்டையாக ஓடுகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். கழுத்துப் பட்டையை இழுத்து விட்டு, திரும்பவும் பழையபடி சுருங்குகிறதா என்று பார்த்தாள். கழுத்துப் பட்டையை அப்படிச் சோதிக்கலாம் என்பது பெரியவளுக்கே அதுவரை தெரியாது.

"இதுவா? உனக்குப் பிடிச்சது இதுவா?"

"எனக்கு எப்பவும் இந்த நிறம்தான் பிடிக்கும். நீ லைன் துணி வாங்கிட்டு வரும்போதெல்லாம் சந்தோஷமாத்தான் இருக்கும் அக்கா. அளவுதான் சேரல."

டிரயல் ரூமிலிருந்து அவள் வெளியே வந்தபோது பெரியவள் ஏற இறங்கப் பார்த்தாள். ஸ்வெட்டர் தோளில் தோளாக, கையில் கையாக உட்கார்ந்திருந்தது. மடிப்பும் ஊக்கும் தொளதொளப்பும் இல்லாத தங்கையை அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. வீட்டில் காலுறை மாட்டிக்கொண்டிருந்த பெண்ணாக இவள் தெரியவில்லை. ஒரு கடையைத் திறந்து, நாலு பேரை வேலை வாங்கி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு போகிறவளாகத் தெரிந்தாள். இவள் சமாளிப்பாள். இதில் இனி ஒரு சந்தேகமும் இல்லை. இது தெரிந்துவிட்டால் நிம்மதி வரும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டது. நிம்மதி வரவில்லை.

எது வந்தாலும் அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். கூடையிலிருந்த எக்ஸ்எல் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினாள். "எல்லாத்தையும் எம்ல எடுத்துக் கொடும்மா. பேன்ட் ரெண்டு, வெள்ளை மூணு, உள்ளே போடறது..."

"அக்கா." சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இந்த ஸ்வெட்டர், ஒரு பேன்ட், ஒரு சட்டை. போதும்."

"அது எப்படிப் போதும்? ஒண்ணு நனைஞ்சா? ஸ்பேர் வேண்டாமா?"

"அங்க குளிர் எப்படின்னு பார்த்து, மீதியை நானே வாங்கிக்கறேன்."

"அங்க உனக்குக் கடை தெரியுமா, கண்ணி தெரியுமா? கண்டவன் தலையில கட்டிடுவான்..."

"தெரிஞ்சுக்கறேன் அக்கா."

ஒரு பருவத்துக்கான திட்டம் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, மூன்றே மூன்று துணியில் வந்து நின்றது. சொல்வதற்குப் பெரியவளிடம் ஒரு வண்டி புத்திமதி இருந்தது. வெள்ளையை வெயிலில் காயப்போடுவது பற்றி, கறுப்பை உட்புறம் திருப்பித் துவைப்பது பற்றி, ஈரம் காயாத ஊரில் எதை வாங்கக் கூடாது என்பது பற்றி. நாக்கு நுனிவரை வந்த அத்தனையையும் மென்று விழுங்கினாள். அவள் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்ததில்லை.

பில் போட்டு வெளியே வரும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "அப்போ அந்த அலமாரி?" என்று கேட்டாள்.

"எல்லாம் உன்னுதுதான். பிரிக்க என்ன இருக்கு அதுல?"

"யாருடி உன்னைக் கேட்டா? யாரு எனக்கு வாங்கச் சொன்னா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாம, ஊக்கைக் குத்திக்கிட்டு, நான் பைத்தியக்காரி மாதிரி வருஷா வருஷம் வாங்கி அடுக்கிக்கிட்டே இருக்கேன்!" பெரியவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "இன்னும் என்னல்லாம் எங்கிட்ட சொல்லாம வச்சிருக்க? எல்லாத்தையும் இப்பவே சொல்லித் தொலை. நீ ஊருக்குப் போனப்புறம் இந்த மாதிரி இன்னொண்ணு தெரிஞ்சா என்னால தாங்க முடியாது."

சின்னவள் நிஜமாகவே யோசித்தாள். பஸ் வந்தது. இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று நடுவில் காலியாக இருந்தது. பெரியவள் என்றும்போல ஒதுங்கி நின்று, தங்கை உள்ளே போக வழிவிட்டாள். சின்னவள் போகவில்லை.

"கோச்சுக்கக் கூடாது" என்றாள்.

"என்ன?"

"எனக்கு ஜன்னலோரம் பிடிக்காது."

பெரியவள் கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"சின்னப் புள்ளைலேர்ந்து. காத்து மூஞ்சில அடிச்சாத் தலை வலிக்கும். நீதான் ஒவ்வொரு தடவையும், எனக்கு வேணாம், நீ உக்காருன்னு தள்ளி விடுவ. நீ அவ்வளவு ஆசையா விட்டுக் கொடுக்கும்போது வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு வேணாமா? எனக்கா?" பெரியவள் போட்ட சத்தத்தில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இன்றுவரை, ஜன்னலோரத்தில் உட்காருகிற ஆசையை அவள் தங்கைக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஊருக்கே வண்டி அனுப்புகிற வேலையில் இருந்தும் ஒரு நாளாவது அந்த இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. "அடிப்பாவி! நான் உனக்காகத்தானேடி..."

"தெரியும் அக்கா. நானும்தான்."

"உள்ள போங்கம்மா, பின்னாடி ஆளு நிக்கறாங்க" என்று யாரோ முதுகில் இடித்தார்கள். பெரியவள் உள்ளே நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பாதி தள்ளிவிட்டு, தங்கைக்குக் காற்று படுமே என்று நிறுத்தினாள்.

"முழுசாத் திற. நான் இந்தப் பக்கம்தானே இருக்கேன்" என்றாள் சின்னவள்.

பெரியவள் ஆத்திரத்தோடு கண்ணாடியை முழுக்கத் தள்ளினாள். தூறல் முகத்தில் தெறித்தது. இறங்குகிற இடம் வரும்வரை தங்கையைத் திட்டிக்கொண்டே வந்தாள், ஒரு தடவைகூட உள்ளே திரும்பாமல்.